அத்தானுக்கு ஜே.பி. எடுத்த கதை

1

போன கிழமை ஹூஸ்டனில் இருந்து என் தம்பி ரமணன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் வீட்டு முன்பக்கப் புல்தரையில் இரண்டு பலகைகள் நட்டிருக்கின்றன. இரண்டிலும் 'இன்னாரை நீதிபதியாகத் தெரிவு செய்யுங்கள்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. பதவி ஒன்று, ஆட்கள் இரண்டு. நடுவில் ரமணன் கறுப்புக் கண்ணாடியும் அரைக்காற்சட்டையுமாக, தானே போட்டியிடுகிறவன் மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

நம்ப மாட்டீர்கள், அமெரிக்காவில் நீதிபதிக்கும் வோட்டுத்தான். ரமணன் பிரஜாவுரிமை எடுத்து முதல்முறை வாக்குச் சாவடிக்குப் போய் வந்த அன்று எனக்குத் தொலைபேசி எடுத்தான். ஜனாதிபதியில் தொடங்கி ஊர்ப் பள்ளிக்கூடச் சபை வரைக்கும் சீட்டு நீண்டுகொண்டே போனதாம். இடையில் நீதிபதிகள் மட்டும் ஒரு பெரிய கூட்டம்.

"ஒருத்தரையும் தெரியாது அண்ணை. கட்சியைப் பாத்துப் போட்டன். கட்சியும் தெரியாத இடத்தில வாசிக்கச் சுகமான பேராய்ப் பாத்துப் போட்டன்."

அவன் இருக்கிற மாநிலத்தில் நீதிபதிகள் கட்சிப் பெயரைச் சொல்லியே நிற்பார்களாம். வேறு சில மாநிலங்களில் கட்சி பற்றி மூச்சும் விடக்கூடாதாம். இன்னும் சில இடங்களில் ஆளுநர் ஒருவரை நியமிப்பார், சில வருடம் கழித்து 'இந்த ஆளை வைத்திருக்கவா, அனுப்பவா' என்று சனத்திடம் கேட்பார்களாம். சுவரொட்டிக்கும் பலகைக்கும் பணம் கொடுக்கிறவர்களில் பாதிப்பேர் அதே நீதிபதிக்கு முன்னால் நாளைக்கு வழக்குப் பேசப் போகிற வழக்கறிஞர்கள். இதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான்.

அங்கே சமாதான நீதவானையும், அதாவது நாங்கள் ஜே.பி. என்று சொல்கிற ஆளையும், வோட்டுப் போட்டே எடுக்கிறார்கள். அவர் சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. போன தேர்தலில் ரமணன் ஒரு ஜே.பி.யின் பலகையை நட்டான். வென்றது மற்றவர். அடுத்த மாதமே வேகமாகக் கார் ஓடிப் பிடிபட்டு அந்த மற்றவருக்கு முன்னால் போய் நின்று குற்றப்பணம் கட்டினான். அதனால்தான் இந்தமுறை இரண்டு பலகை.

படத்தைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு எங்கள் வீட்டு ஜே.பி. கதை ஞாபகம் வந்தது. அது சிரிப்பாகத் தொடங்கிய கதைதான்.

2

ஊரில் ஜே.பி. என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாசலில் பெயர்ப்பலகை, மேசை லாச்சிக்குள் ஒரு சீல், அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருந்தார். தேர்தலில் எம்.பி.க்கு மேடை போட்டார், கார் கொடுத்தார், கூட்டத்துக்கு ஆள் பிடித்தார். எம்.பி. வென்றதும் அமைச்சருக்குச் சொல்லி ஜே.பி. எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த மனுஷனின் பெயரை ஜே.பி. சேர்க்காமல் சொன்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். கலியாண அழைப்பிதழில் அந்த இரண்டு எழுத்து விடுபட்டதற்காக ஒரு கலியாணத்துக்கே போகவில்லை. ஒருநாளும் எந்த வழக்கையும் விசாரித்ததில்லை. பாஸ்போர்ட் படத்தின் பின்பக்கத்தில், ஆளை நிமிர்ந்து பார்க்காமலே, 'இவரை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும்' என்று எழுதிச் சீல் குத்துவார்.

லண்டனில் அப்படியில்லை என்பது அந்த நேரம் எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் அத்தான், என் அக்காவின் கணவர், ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்தவர். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து ஹரோவில் ஒரு ஆஸ்பத்திரியின் களஞ்சியத்தில் பஞ்சும் பண்டேஜும் எண்ணிக் கொடுக்கிற வேலை. கோட்டும் ரையும் கட்டிக்கொண்டுதான் எண்ணுவார். அங்கே கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஒருநாள் அவரிடம், நீ ஏன் மாஜிஸ்ட்ரேட் வேலைக்கு எழுதிப்போடக் கூடாது, உங்கள் ஆட்களில் ஒருவரும் இல்லையே என்று கேட்டிருக்கிறா. சம்பளம் இல்லை, போக்குவரத்துச் செலவு மட்டும். படிப்புச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். பதவியின் பெயர் ஜே.பி.

அத்தான் இதை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் சொன்னார். நான் ரெய்னர்ஸ் லேனில் இருந்து குடும்பத்தோடு போயிருந்தேன். அக்கா கரண்டியை வைத்துவிட்டு, "அப்ப வாசலில போர்ட் போடலாமோ?" என்று கேட்டா.

"சீல் தருவாங்களோ, அத்தான்?" என்று நான் கேட்டேன்.

பாஸ்போர்ட் படத்துக்குக் கையெழுத்து வாங்க எங்கள் சனம் லண்டன் முழுக்க டொக்டர்களுக்குப் பின்னால் அலைந்த காலம் அது. குடும்பத்துக்குள் ஒரு சீல் இருந்தால் எத்தனை வசதி. அத்தானின் ஆசையும் இதுதான் என்று நான் நினைத்தேன். கச்சேரியில் மேசைக்கு முன்னால் சனம் எழும்பி நின்ற மனுஷன், இங்கே பண்டேஜ் எண்ணுகிறார், பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து வேண்டும்தானே. ஆனைக்கொரு காலம் என்றால் பூனைக்கும் ஒரு காலம் வராதா. அத்தானைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டே அவருக்காக இறங்கி வேலை செய்தேன்.

3

எப்படி எடுக்கிறார்கள் என்று விசாரித்ததில் ஒரு விசித்திரம் தெரிய வந்தது. வோட்டு இல்லை. எம்.பி.யும் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆலோசனைக் குழு இருக்கிறது. அது ஆட்களைக் கூப்பிட்டுக் கதைத்துப் பார்த்து மேலிடத்துக்குச் சிபாரிசு செய்யும். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது இரகசியம். அந்தக் காலத்தில் அவர்களுடைய பெயர்களை வெளியில் விடுகிற வழக்கமே இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தானுக்கு இதைவிடப் பெரிய சித்திரவதை உண்டா? ஆள் யார் என்று தெரிந்தால்தானே போய்ப் பிடிக்கலாம்.

நாங்கள் கண்டுபிடிக்கத் தொடங்கினோம். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் மிஸிஸ் ஹாரிஸ் என்று ஒரு கிழவி, நாயோடு நடக்கிறவ, எல்லாரையும் மேலும் கீழும் பார்க்கிறவ. 'அந்தப் பார்வை சும்மா பார்வையில்லை' என்று அக்கா முடிவெடுத்தா. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே வடை போனது. நூலகத்தில் ஒரு மனுஷன், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர், அவருக்கு மீன் ரோல்ஸ். பல் டொக்டருக்குப் பற்றீஸ். ஆறு மாதம் ஹரோவில் கண்ணியமாகத் தோற்றமளித்த வெள்ளைக்காரர் ஒருவரும் பசியோடு இருக்கவில்லை. கடைசியில் மிஸிஸ் ஹாரிஸ் பூந்தோட்டச் சங்கத்தில் மட்டும்தான் குழு உறுப்பினர் என்று தெரிய வந்தது. ஆனால் அதற்குள் அவவுக்கு வடை பழகிவிட்டது, நிறுத்த முடியவில்லை.

இன்னொரு பக்கம் நான் ஹூஸ்டனுக்குத் தொலைபேசி எடுத்து ஆலோசனை கேட்டேன்.

"சனம் உங்களோட நிக்குது எண்டு காட்ட வேணும் அண்ணை," என்றான் ரமணன். "இங்க எண்டால் அதுதான் முதல் வேலை."

நான் ஒரு பெயிண்ட் கொம்பனியில் கணக்கு எழுதுகிறவன். அங்கே நல்ல போட்டோக்கொப்பி மெஷின் இருந்தது. ஒரு கடிதம் எழுதினேன். 'இவர் மனிதருள் மாணிக்கம்' என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு வசனம், அதைச் சுற்றி ஒரு பக்கம். அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டு ஐம்பது கொப்பி அடித்தேன். பழைய மாணவர் சங்கங்கள் மூன்று, கோயில் சபை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடப் பெற்றோர், கிழக்கு லண்டனில் பார்க்கிங் பகுதியில் இருந்த ஊர் ஆட்கள். மன்னார்க்காரர் ஒருவர் தங்கள் தேவாலயப் பங்குச் சனத்திடமும் பன்னிரண்டு கையெழுத்து வாங்கித் தந்தார். கையெழுத்து வைத்த ஒருவரும் வாசித்துப் பார்க்கவில்லை. எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "சீல் எப்ப வரும்?"

ஐம்பதையும் ஒன்றாகக் கட்டிக் குழுவின் விலாசத்துக்கு அனுப்பினேன். அத்தானுக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்தால் விட மாட்டார்.

4

பிறகு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி வந்து எங்கள் எல்லாரையும் கலக்கியது. நீங்கள் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறவர்?

ஒரு பக்கத்து ஆட்களே நீதிமன்றத்தை நிறைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறார்களாம். நல்ல நோக்கம்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒருவன் வீட்டுக்கு வந்து 'நீ எந்தக் கட்சி' என்று கேட்டால், அதற்குச் சரியான பதில் பின்வேலியால் பாய்ந்து ஓடுவது. ஒரு மணித்தியாலம் குடும்ப மகாநாடு நடந்தது. அக்கா இடத்தை வெறுமையாக விடச் சொன்னா. நான் ஆளும் கட்சியைப் போடச் சொன்னேன். என் மனைவி வதனி, கிழமைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவ, "உண்மையை எழுதினால் என்ன?" என்று கேட்டா. எல்லாரும் அவவைப் பரிதாபமாகப் பார்த்தோம்.

அத்தான் உண்மையைத்தான் எழுதினார். எது என்று இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் குழுவில் மூன்று பேர். அதில் ஒருத்தி, போன வருடம் சப்பாத்துக் கடையில் அக்கா பெரிய சண்டை பிடித்த முகாமையாளர். இரண்டு கிழமை போட்ட பள்ளிக்கூடச் சப்பாத்தை அக்கா புதிது என்று சாதித்துத் திருப்பிக் கொடுத்தபோது, அத்தான் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். லண்டனில் நாங்கள் உணவு கொடுக்காத ஒரே வெள்ளைக்காரி அவதான்.

அத்தோடு மேசையில் என் ஐம்பது கடிதமும் அடுக்கி வைத்திருந்தது. ஐம்பது பேர் தனித்தனியாக ஒரே நேரத்தில் உங்களை மாணிக்கம் என்று கண்டுபிடித்திருக்கிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். அத்தான் ஒரு கடிதத்தை எடுத்துப் பார்த்தாராம். "இது என் மனைவியின் தம்பியின் ஆங்கிலம். அவர் இதைத் தேர்தல் என்று நினைத்துவிட்டார். தயவுசெய்து இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம்," என்றாராம். மூன்று பேரும் சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. சரி, கிழிந்தது கதை என்று நாங்கள் இருந்தபோது நியமனம் வந்தது.

சீல் வரவில்லை. பயிற்சி வந்தது. பின்வரிசை வாங்கில் இருந்து வழக்குப் பார், சத்தியப்பிரமாணம் எடு, இரண்டு கிழமைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு வந்து மூன்று பேரில் ஒருவராக உட்கார். வாசலில் பலகையும் போடக்கூடாது என்று அத்தான் அக்காவுக்குச் சொல்லிவிட்டார். அக்கா ஏற்கெனவே செய்வித்து வைத்திருந்த பித்தளைப் பலகை இன்றைக்கும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

5

இப்போது என்னுடைய வழக்குக்கு வருகிறேன்.

இந்த நாட்டில் ரி.வி. வைத்திருக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், அதற்கு ஒரு தத்துவம் இருந்தது. எங்கள் வீட்டு ரி.வி.யில் நாங்கள் பார்த்தது தமிழ்ப்பட வீடியோக் கசெற் மட்டும். வெள்ளைக்காரன் ஒளிபரப்புகிறதைப் பார்க்காமல் அவனுக்கு ஏன் காசு? இதே தத்துவத்தில் ரெய்னர்ஸ் லேனில் பல தமிழ்க் குடும்பங்கள் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தன.

ஒருநாள் பின்னேரம் பரிசோதகர் வந்து கதவைத் தட்டினார். யாராவது கதவைத் தட்டினால் முதலில் சத்தத்தை நிறுத்து, பிறகு விளக்கை நிறுத்து என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் கதவைத் திறந்தது என் மகள் துளசி, வயது பதினைந்து. ஆளை உள்ளே வரச் சொல்லி, இருக்கச் சொல்லி, தான் தினமும் பார்க்கிற ஆங்கிலத் தொடர் எது, அது எந்தச் சனல், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். தேத்தண்ணியும் கொடுத்திருக்கிறாள்.

"He asked me nicely, Appa," என்றாள்.

அழைப்பாணை வந்தது. திகதியைப் பார்த்தேன், செவ்வாய்க்கிழமை. அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, வேறு கதை கதைக்கிற மாதிரி விசாரித்தேன். ஓம், அன்றைக்கு அத்தானின் முறைதான். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அனுப்பினால் முடிகிற விஷயத்துக்கு, நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு நேரே போனேன். அத்தானிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொந்தத்துக்குள் சொல்லிவைப்பது மரியாதையாக இருக்காது.

மேடையில் மூன்று பேர். நடுவில் தலைவியாக ஒரு அம்மா, இடப்பக்கம் ஒரு சீக்கியர், வலப்பக்கம் அத்தான். நான் பின்வரிசை வாங்கில் இருந்து அவருடைய கண்ணைப் பிடிக்கப் பார்த்தேன். அவர் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுக்க ரி.வி. வழக்குகள்தான். ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றப்பணம் விழுந்தது. பாவங்கள், அவர்களுக்கு மேடையில் அத்தான்மார் இல்லை என்று பரிதாபப்பட்டேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பி முன்னால் போனேன். அத்தான் தலைவியின் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். பிறகு எழும்பினார். பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

மேடையில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. இவரைத் தனக்குத் தெரியும் என்று சொல்லி ஒரு உறுப்பினர் விலகியிருக்கிறார், மற்ற இருவரும் வழக்கை விசாரிப்பார்கள் என்று கீழே இருந்த லிகிதர் விளக்கினார். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தலைவி கேட்டா. சொன்னேன். தமிழ்ப்படத் தத்துவம் முழுவதையும் சொன்னேன். கூரையில் இருக்கிற அன்ரெனா முன்பு இருந்தவருடையது என்று சொன்னேன். இருவரும் கடைசிவரை கேட்டார்கள். பரிசோதகர் வந்த நேரம் யாராவது ரி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்களா என்று தலைவி கேட்டா. துளசியை நினைத்துக்கொண்டு ஓம் என்றேன். குற்றப்பணம் அடித்தார்கள்.

நான் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அத்தான் திரும்பி வந்து தன் கதிரையில் இருந்துகொண்டிருந்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

6

அன்று பின்னேரம் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். வதனி தேத்தண்ணி வைத்தா. துளசி படியில் இருந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"அத்தான், உங்களுக்காக ஐம்பது கடிதம் அடிச்சனான்."

"ஓம். அதில எழுத்துப் பிழையும் இருந்தது."

"நீங்கள் இருந்திருந்தால் என்ர கேஸ் வேற மாதிரிப் போயிருக்கும்."

"அதுக்குத்தான் எழும்பினனான்."

"எழும்பிப் போகேக்குள்ள ஒருக்கா என்ர முகத்தையாவது பாத்திருக்கலாம்."

"பாத்திருந்தால் எழும்பியிருக்க மாட்டன், சபேசன்."

படியில் இருந்து துளசி, "Maama did the right thing, Appa," என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு என்று சத்தம் போட்டேன். பிறகு அத்தானிடம் திரும்பி, மூன்று வருடமாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"எனக்கு விளங்கேல்லை. சம்பளம் இல்லை, சீல் இல்லை, போர்ட்டும் போட ஏலாது. சொந்தக்காரனுக்கு ஒரு உதவியும் இல்லை. என்னத்துக்கு இந்த வேலை உங்களுக்கு?"

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"இன்ரவியூவிலயும் அதைத்தான் கேட்டவை. நான் தம்பியைப் பற்றிச் சொன்னனான்."

வதனி அடுப்படி வாசலில் வந்து நின்றா. அத்தானுக்கு ஒரு தம்பி இருந்தார், இருபத்திரண்டு வயது. ஒரு விடியப்புறம் ஆமி வந்து வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. அத்தான் முகாம் முகாமாக அலைந்தார். ஒன்றும் தெரியாது என்றார்கள். ஒரு நீதிமன்றத்துக்கும் கொண்டுவராமல் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்று சட்டம் இருந்த காலம் அது. தம்பி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் அத்தானும் அக்காவும் நாட்டை விட்டு வந்தார்கள். இது எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு முன்னால் ஒருவரும் இதைத் தொட மாட்டோம்.

"நாலு ஜே.பி. நற்சான்றிதழ் எழுதிச் சீல் குத்தித் தந்தவை," என்றார் அத்தான். "நல்ல பொடியன், நல்ல குடும்பம், பல வருசமாத் தெரியும் எண்டு. எல்லாருக்கும் எங்களைத் தெரியும். ஆனால் அவனைக் கொண்டுவந்து நிப்பாட்ட ஒரு இடம் இருக்கேல்லை. பேரைக் கூப்பிட ஒரு ஆள் இருக்கேல்லை. நீ என்ன சொல்லுறாய் எண்டு அவனை ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர் கோப்பையைத் திரும்பவும் கையில் எடுத்தார்.

"இண்டைக்கு ஒரு ரி.வி.ப் பெட்டிக்கு உன்னைக் கூப்பிட்டு வைச்சு, நீ சொன்ன அவ்வளவு விசர்க்கதையையும் இருந்து கேட்டவை. நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். நல்லாய் விசாரிச்சவை."

அவருடைய குரல் உடையவில்லை. எனக்குத்தான், மூன்று வருடமாக இந்த மனுஷன் இரண்டு எழுத்துக்கு ஆசைப்பட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு வெட்கமாக இருந்தது.

துளசி படியில் இருந்து இறங்கி வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. அரைகுறைத் தமிழில் சொல்லைத் தேடித் தேடிக் கேட்டாள்.

"மாமா, அவருக்கு... உங்கட தம்பிக்கு என்ன பேர்?"

அத்தான் அவளைப் பார்த்தார். தகப்பன் பெயரையும் சேர்த்து, முழுப் பெயரையும் சொன்னார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.